முகம் பார்க்காத வாடிக்கையாளரோடு மெசேஜ் வழியே நெருக்கம் வருமா?

கேள்வி இது: "சிறிய அளவில் டிசைன் வேலை எடுத்துச் செய்கிறேன். வாடிக்கையாளர்கள் எல்லோரும் வாட்ஸ்அப், ஈமெயில் வழியாகத்தான் வருகிறார்கள். யாரையும் நேரில் பார்த்ததில்லை. வேலையில் யாரும் குறை சொல்வதில்லை, பணமும் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் மறுபடி வருகிறவர்கள் குறைவு. மெசேஜ் வழியாகவே அவர்களோடு மனதளவில் ஒரு நெருக்கத்தை எப்படி உண்டாக்குவது?"

"குறை சொல்வதில்லை, ஆனால் மறுபடி வருவதில்லை." இந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். மொழிபெயர்ப்பு வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானவர்களின் முகம் இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்களில் சிலரோடு இருக்கும் நெருக்கம் நேரில் பழகியவர்களோடு இருப்பதற்குக் குறைந்ததல்ல. அது முடியும் என்பதை முதலில் நம்புங்கள். ஜோசப் வால்தர் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 1992லேயே இதை எழுதினார். எழுத்து வழியாக மட்டுமே பழகுகிறவர்களும் நேரில் பழகுகிறவர்களைப் போலவே நெருங்க முடியும், நாள் மட்டும் கூடுதலாக ஆகும் என்பது அவர் வாதம். என் அனுபவமும் அதுதான்.

உங்கள் கேள்விக்கு என் நேரடி பதில்: இனிமையான வார்த்தைகளைத் தேடிப் போகாதீர்கள். மெசேஜில் வாடிக்கையாளர் மனதில் தங்குவது இரண்டே விஷயம். காத்திருந்த நேரத்தில் தன்னைத் தனியாக விட்டார்களா என்பது ஒன்று. ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லவைத்தார்களா என்பது இன்னொன்று. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலாவதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். ஒரு பெண்மணி தன் சான்றிதழ்களை மொழிபெயர்க்கக் கொடுத்திருந்தார். சமர்ப்பிக்க ஒரு கடைசி நாள் இருந்தது. அதற்கு முந்தைய நாள் இரவு 10.30 மணி இருக்கும், "நாளை மதியத்துக்குள்ள கிடைச்சிடுமா?" என்று எழுதினார். மெசேஜைத் திறந்து பார்த்தேன். நாலு பக்கம் பாக்கி இருந்தது. சரிபார்க்கிற நண்பர் காலையில்தான் நேரம் சொல்வார். எல்லாம் தெரிந்தபிறகு முழு விவரத்தோடு எழுதுவோம் என்று போனை வைத்துவிட்டேன். காலை 8.30க்கு "11 மணிக்கு அனுப்பிவிடுகிறேன்" என்று எழுதினேன். 10.50க்கே அனுப்பிவிட்டேன். நன்றி சொன்னார். என் கணக்கில் அது சுத்தமாக முடிந்த வேலை.

ஒரு வாரம் கழித்து எல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டேன். அவர் எழுதினார்: "முடிஞ்சுதுங்க. ஆனா அன்னிக்கு ராத்திரி நீங்க பார்த்துட்டீங்கன்னு தெரிஞ்சுது. பதில் வரலை. நான் தூங்கவே இல்லை."

அந்த வரியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. நேரில் கேட்டிருந்தால் நான் யோசிப்பதை என் முகம் காட்டியிருக்கும். "ம்... பாக்கறேன்மா" என்ற முனகல்கூட ஒரு பதில்தான். திரையில் அவருக்குக் கிடைத்தது இரண்டு நீல டிக்குகள், அதற்குப் பிறகு பத்து மணி நேர மௌனம். மௌனத்தைக் கவலையில் இருக்கிற மனிதர் நல்லவிதமாக நிரப்பிக்கொள்வதில்லை. வேலை முடியவில்லை போல, மறந்துவிட்டார் போல, சொல்லத் தயங்குகிறார் போல என்றுதான் மனம் ஓடும்.

அன்று நான் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "பார்த்துட்டேன்மா. இன்னும் 4 பக்கம் இருக்கு. மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்னுதான் நினைக்கிறேன். காலைல 8.30க்கு உறுதியா சொல்றேன், நீங்க தூங்குங்க." அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம்: திறந்தால் ஒரு வரியாவது எழுதுவேன். எழுத முடியாத நிலையில் இருந்தால் திறக்கமாட்டேன். முழு பதில் இல்லாதபோது, பதில் எப்போது வரும் என்பதையாவது சொல்வேன். அந்த நேரம் வந்ததும், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் எழுதுவேன். "இன்னும் அவர் பக்கத்திலிருந்து வரவில்லை, மாலை 5க்குத் திரும்ப எழுதுகிறேன்" என்பதும் பதில்தான். வேகமாகப் பதில் போட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். வேகத்தைவிட, சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி வருவதுதான் நம்பிக்கையைத் தரும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு நிமிடத்தில் "பார்க்கிறோம்" என்று எழுதிவிட்டு இரண்டு நாள் காணாமல் போகிறவரைவிட, நாலு மணிக்கு எழுதுகிறேன் என்று சொல்லி நாலு மணிக்கு எழுதுகிறவரோடு மனம் சேர்ந்துவிடும்.

காத்திருக்கிற நேரத்தில் வேலை நடப்பதைக் காட்டுவதும் இதோடு சேர்ந்தது. ரயன் பியூல், மைக்கேல் நார்ட்டன் என்ற இருவர் 2011ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பயணச்சீட்டு தேடும் இணையதளம் ஒன்றில், இப்போது எந்தெந்த விமான நிறுவனங்களில் தேடிக்கொண்டிருக்கிறது என்று திரையில் காட்டியபோது மக்கள் அந்தச் சேவையை உயர்வாக மதித்தார்கள். காத்திருக்கவே வைக்காமல் அதே முடிவை உடனே தந்த தளத்தைவிடவும் சிலருக்கு இது பிடித்திருந்தது. தனக்காக ஒருவர் உழைப்பது கண்ணில் படவேண்டும் என்பதே விஷயம்.

உங்கள் தொழிலுக்கு இது அப்படியே பொருந்தும். "வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்று எழுதாதீர்கள். "உங்க பெயருக்கு மூணு எழுத்துரு போட்டுப் பார்த்தேன். ரெண்டை ஒதுக்கிட்டேன், சின்ன அளவுல 'ழ'வோட சுழி அடைபட்டுப் போகுது. மூணாவதுல தெளிவா இருக்கு, அதுலதான் இப்ப வேலை செய்யறேன்" என்று எழுதுங்கள். தன் பெயரில் இருக்கிற ஒரு ழகரத்துக்காக யாரோ ஒருவர் உட்கார்ந்து கவலைப்பட்டிருக்கிறார் என்று தெரியும்போது வருகிற உணர்வை எந்த வாழ்த்துச் செய்தியும் தராது.

இதை அளக்க ஒரு வழியும் இருக்கிறது. பழைய உரையாடல்களைத் திறந்து, வாடிக்கையாளர் "என்ன ஆச்சு?", "ஏதாவது அப்டேட் இருக்கா?" என்று கேட்ட இடங்களை எண்ணிப் பாருங்கள். அந்த ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் முந்தி எழுதியிருக்க வேண்டிய ஒரு மெசேஜ் விடுபட்டிருக்கிறது.

இனி சொற்களுக்கு வருவோம். கிராண்ட் பாக்கார்ட், ஜோனா பெர்கர் இருவரும் வாடிக்கையாளர் சேவை உரையாடல்களை ஆராய்ந்து 2021ல் எழுதியது எனக்கு மிகவும் பயன்பட்டது. சேவையாளர் பொதுவாகப் பேசாமல் குறிப்பான சொற்களில் பேசும்போது, தான் சொன்னதை இவர் காதில் வாங்கியிருக்கிறார் என்ற எண்ணம் வாடிக்கையாளருக்கு வருகிறது, திருப்தியும் கூடுகிறது என்று கண்டார்கள். "உங்கள் கோரிக்கையைக் கவனிக்கிறோம்" என்பதற்கும் "அந்த நீல அட்டையில் போன் நம்பர் தப்பா இருக்குன்னு சொன்னீங்களே, அதைத் திருத்திட்டிருக்கேன்" என்பதற்கும் இருக்கிற தூரம் அது. வாடிக்கையாளர் பயன்படுத்திய சொல்லையே திரும்ப எடுங்கள். அவர் "அட்டை" என்றால் நீங்களும் "அட்டை" என்றே சொல்லுங்கள், "முகப்பு வடிவமைப்பு" என்று மாற்றாதீர்கள்.

அதே பாக்கார்ட் 2018ல் சாரா மூர், பிரென்ட் மெக்ஃபெரன் இருவரோடு சேர்ந்து செய்த இன்னோர் ஆய்வு, சேவையாளர் "நாங்கள்" என்று பேசுவதைவிட "நான்" என்று பேசுவது வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்துகிறது என்றது. நம் தொழில்முறைத் தமிழில் "நாங்கள்" கூட அரிதாகிக்கொண்டிருக்கிறது. "பெறப்பட்டது", "பரிசீலிக்கப்படும்", "விரைவில் தெரிவிக்கப்படும்" என்றே எழுதிப் பழகிவிட்டோம். இந்த வாக்கியங்களுக்குள் மனிதர் யாருமே இல்லை. யார் பெற்றது, யார் தெரிவிப்பார்? தனியாளாகத் தொழில் செய்கிறவர்கூட பெரிய நிறுவனம்போலத் தெரியட்டும் என்று இப்படி எழுதுகிறார். உங்களிடம் இருக்கிற பெரிய சொத்தே நீங்கள் ஒரு ஆள் என்பதுதான். "கிடைச்சுதுங்க, நானே பார்க்கிறேன்" என்று எழுதுங்கள். பொறுப்பு ஒரு மனிதரின் தோளில் ஏறியதை அந்த "நானே" சொல்லிவிடும்.

தொனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பெரும்பாலான மனக்கசப்பு இங்கேதான் பிறக்கிறது. ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானோர் 2005ல் ஒரு சோதனை செய்தார்கள். சிலரிடம் கிண்டலாகவும் நிஜமாகவும் சில வாக்கியங்களை ஈமெயிலில் அனுப்பச் சொன்னார்கள். எது கிண்டல், எது நிஜம் என்பது பெறுகிறவருக்கு நூற்றுக்கு 78 தடவை புரிந்துவிடும் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் புரிந்தது 56 தடவைதான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது, படிக்கிறவருக்கு அது கேட்பதில்லை. வெறும் எழுத்துதான் போய்ச் சேர்கிறது.

தமிழில் இதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத சில முட்கள் உண்டு. "நான் சொன்னேன்" என்பது தகவல். "நான் சொன்னேனே" என்றால் அது குற்றச்சாட்டு. ஓர் ஏகாரம் போதும். "இன்னும் அனுப்பலையே", "அதான் அனுப்பிட்டேனே", "ஏற்கெனவே தெரிவித்தபடி" எல்லாம் இந்த வகை. வேலையின் அவசரத்தில் நாம் கவனிக்காமல் எழுதுவோம், அங்கே அது தைக்கும். அதேபோல "சரி" ஒன்று, "சரிங்க" ஒன்று, "சரிங்க, செஞ்சுடறேன்" இன்னொன்று. வெறும் "சரி"யைப் படிக்கிறவர், இவருக்குக் கோபமோ என்று இரண்டு தடவை யோசிப்பார். என் வேலையில் சினமூட்டும் மெசேஜ் ஏதாவது வந்தால், பதிலை எழுதிவிட்டு, வாக்கிய முடிவுகளில் இருக்கிற ஏகாரங்களை மட்டும் தேடி நீக்கிவிட்டு அனுப்புவேன். பாதிக் காரம் அதிலேயே போய்விடும்.

அழைக்கும் விதத்தில் வாடிக்கையாளர் போகிற வழியில் போங்கள். அவர் "சார்" என்றால் நீங்களும் சார், மேடம். அவர் "அண்ணா" என்றோ "அக்கா" என்றோ தொடங்கினால் உறவுமுறையில் பதில் சொல்லலாம். நீங்களாக முதல் மெசேஜிலேயே உறவு கொண்டாடினால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். வயது தெரியாத இடத்தில் அது ஆபத்தும்கூட. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவருக்குத் தமிழ் எழுத்து படிக்கச் சிரமமாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு பழகினாலும் "நீங்க"வை விடாதீர்கள்.

முதல் மெசேஜில் சிரிப்புப் பொம்மை (ஸ்மைலி) வேண்டாம். எலா கிளிக்சன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2018ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவருக்கு எழுதும் வேலை சார்ந்த முதல் ஈமெயிலில் பொம்மை சேர்த்தால் அன்பானவர் என்ற எண்ணம் கூடவில்லை, திறமையானவர் என்ற எண்ணம்தான் குறைந்தது. பழகியபிறகு, அவர் போட்டால் நீங்களும் போடலாம்.

இரண்டாவது விஷயம் நினைவு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நாலைந்து வரி குறிப்பு வைத்திருக்கிறேன். எப்படி அழைக்க வேண்டும், எந்த நேரத்தில் பதில் போடுவார், போன வேலையில் எது பிடித்தது, எதற்குப் பயப்படுகிறார். இந்தக் கடைசிதான் முக்கியம். ஒருவருக்குத் தாமதம் பயம். இன்னொருவருக்கு எழுத்துப்பிழை பயம், முன்பு எங்கோ பட்டிருப்பார். எழுத்துப்பிழைக்குப் பயப்படுகிறவருக்கு வேலையை அனுப்பும்போது "பெயர்களை மட்டும் தனியாக இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்" என்று ஒரு வரி சேர்ப்பேன். அவர் கேட்டதில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்காகவே திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் ஓர் எல்லை உண்டு. அவர் உங்களிடம் சொன்னதைத்தான் நினைவில் வைக்கலாம். அவருடைய ஸ்டேட்டஸில் பார்த்ததையோ புகைப்படத்திலிருந்து ஊகித்ததையோ பேச்சில் இழுக்காதீர்கள். "வெளியூர் போயிருந்தீங்க போல" என்பது அக்கறை மாதிரித் தெரியாது, கண்காணிப்பு மாதிரித்தான் தெரியும். குறிப்பை அவரே படித்தாலும் வருத்தப்படாதபடி எழுதுங்கள்.

தவறு நேரும்போது என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் நெருக்கம் உண்மையில் உறுதிப்படுவது அங்கேதான். "ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அசௌகரியம் தானாக ஏற்படவில்லை, நாம் செய்தது. என்ன தவறு, அதனால் அவருக்கு என்ன ஆனது, இப்போது என்ன செய்கிறேன், எப்போது முடியும் என்ற வரிசையில் எழுதுங்கள்: "மூணாம் பக்கத்துல பழைய முகவரியே இருக்கு, நான் கவனிக்கலை. நீங்க அச்சுக்குக் கொடுக்கற நேரத்துல இது தெரிஞ்சது உங்களுக்கு எவ்வளவு பதற்றம்னு புரியுது. திருத்தினதை 20 நிமிஷத்துல அனுப்பறேன். அச்சகத்துல ஏதாவது கூடுதல் செலவு ஆகியிருந்தா அது என் பொறுப்பு." காரணம் சொல்ல ஆசை வரும். அவர் கேட்டால் சொல்லலாம்.

விஷயம் பெரியதாக இருந்தால் எழுத்தை விட்டுவிட்டுக் குரலுக்குப் போங்கள். அமித் குமாரும் மேலே சொன்ன எப்லியும் 2021ல் கண்டது இது: குரலில் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று மக்கள் எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் பேசிப் பார்த்தபோது சங்கடம் கூடவில்லை, நெருக்கம்தான் கூடியது. "இதை எழுதறதைவிடப் பேசினா நல்லா இருக்கும்னு தோணுது. இப்ப அஞ்சு நிமிஷம் கூப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டு அழையுங்கள். வாய்ஸ் நோட் என்றால் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். தேதி, தொகை, பெயர் மூன்றையும் பிறகு எழுத்திலும் போட்டுவிடுங்கள். அவர் மறுபடி தேடும்போது ஆடியோவுக்குள் துழாவக் கூடாது.

தானியங்கி மெசேஜ்களில் ஒரு பொறி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2018ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வரவேற்பு மெசேஜ் என்ற வசதி உண்டு. அது புதியவருக்கு மட்டும் போவதில்லை, 14 நாள் பேச்சில்லாமல் இருந்த எவர் எழுதினாலும் போகும். நாலு வருடமாக உங்களோடு இருக்கிற ஒருவர் மூன்று வாரம் கழித்து "எப்படி இருக்கீங்க, ஒரு வேலை இருக்கு" என்று எழுதினால், "எங்களைத் தொடர்புகொண்டமைக்கு நன்றி, உங்கள் பெயர் என்ன?" என்று பதில் போய் நிற்கும். அமைப்புகளில் போய், முகவரிப் பட்டியலில் இல்லாதவர்களுக்கு மட்டும் போகும்படி மாற்றிவிடுங்கள். வாடிக்கையாளர்களின் எண்களைப் பெயரோடு சேமித்தும் வையுங்கள்.

அடிக்கடி எழுதும் விஷயங்களுக்கு விரைவுப் பதில்களை வைத்துக்கொள்வதில் தவறில்லை, நானும் வைத்திருக்கிறேன். கட்டண விவரம், வங்கி விவரம், கோப்பு அனுப்பும் முறை போன்ற மாறாத விஷயங்களுக்கு அவை போதும். முதல் வரியை மட்டும் எப்போதும் கையால் எழுதுவேன். வருத்தம் தெரிவிக்கவும் நன்றி சொல்லவும் சேமித்த பதிலை ஒருபோதும் எடுப்பதில்லை. பண்டிகை வாழ்த்துப் படங்களை எல்லோருக்கும் மொத்தமாக அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன். அதைத் திறந்துபார்த்து நெகிழ்ந்த ஒருவரையும் எனக்குத் தெரியாது.

நெருக்கம் என்றால் எந்நேரமும் கிடைப்பது என்று ஆகிவிடக் கூடாது. ஆர்லி ஹோக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983ல் "உணர்வு உழைப்பு" என்ற கருத்தை முன்வைத்தார். இல்லாத உணர்வை வேலைக்காக முகத்தில் வரவழைப்பதும் உழைப்புதான், அதற்கும் களைப்பு உண்டு என்றார். மெசேஜிலும் அப்படியே. இரவு 9க்குப் பிறகு எழுதமாட்டேன் என்றால் முதல் வேலையிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு அதைக் காப்பாற்றுங்கள். கடைசி நாள் நெருங்குகிற வேலைக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். சில வாடிக்கையாளர்கள் இரண்டு சொல்லில் பேசுவார்கள், அவர்களுக்கு நெருக்கம் தேவையில்லை, துல்லியம் போதும். அவர்களிடம் நீங்களும் சுருக்கமாக இருப்பதுதான் மரியாதை.

கடைசியாக, ஏற்கெனவே வந்துபோன அந்த வாடிக்கையாளர்கள். அவர்களுக்குத் தள்ளுபடிச் செய்தி அனுப்பாதீர்கள். ஒவ்வொருவருடைய உரையாடலையும் முழுதாக மேலிருந்து படியுங்கள். செய்துகொடுத்த வேலை இப்போது எப்படிப் பயன்படுகிறது என்பதை மட்டும், அதன் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "வணக்கம் மேடம். போன வருஷம் உங்க பயிற்சி வகுப்புக்குக் கையேடு ஒண்ணு செஞ்சோம், கடைசிப் பக்கத்துல எழுத்து சின்னதா இருக்கோன்னு அப்பவே எனக்கு ஒரு யோசனை இருந்துது. படிக்கறவங்களுக்குச் சிரமமா இருக்குன்னு யாராவது சொன்னாங்களா? அப்படின்னா அந்தப் பக்கத்தை மாத்தித் தர்றேன், அதுக்குக் கட்டணம் வேண்டாம்." சொன்னதைச் செய்யத் தயாராக இருந்தால் மட்டும் அனுப்புங்கள். ஒருநாளைக்கு ஒருவருக்கு மேல் வேண்டாம், இரண்டாமவருக்கு எழுதும்போதே வார்த்தைகள் நகல் அடிக்கத் தொடங்கிவிடும். பதில் வராவிட்டால் மறுபடி எழுத வேண்டாம். வந்தால், திறந்தவுடன் ஒரு வரியாவது எழுதிவிடுங்கள்.